கல்லூரி வளாகத்தில் சுற்றுச்சூழல் தணிக்கை: திரும்பத் திரும்ப வரும் குறைகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

தணிக்கை அறிக்கை வந்ததும் பெரும்பாலான கல்லூரிகளில் நடப்பது இதுதான்: மூடியில்லாத கேனுக்கு மூடி போடுகிறார்கள், பெயரில்லாத பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுகிறார்கள், போட்டோ எடுத்து அனுப்பிக் கோப்பை முடிக்கிறார்கள். அடுத்த முறை அதே குறை இரண்டு அறை தள்ளி வருகிறது. கேனும் லேபிளும் வெறும் அறிகுறிகள். கோளாறு பெரும்பாலும் கொள்முதலில் இருக்கும், அல்லது ஆள் மாறும்போது நடக்க வேண்டிய ஒப்படைப்பில் இருக்கும், அல்லது "இது யார் பொறுப்பு?" என்று கேட்டால் யாரும் வாய் திறக்காத இடத்தில் இருக்கும். அந்த இடத்தைத் தேடிப் போகும் வழிகளைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் அறிக்கையில் எந்தக் குறை விடாமல் வருகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

தொழிற்சாலைத் தணிக்கையில் பழகியவர்கள் கல்லூரிக்கு வந்தால் முதலில் திணறுவார்கள். தொழிற்சாலையில் நாலைந்து வகைக் கழிவு, டன் கணக்கில், தெரிந்த குழாய் வழியாக வரும். பல்கலைக்கழகத்தில் நூற்றுக்கணக்கான வகை, ஒவ்வொன்றும் கால் லிட்டர், அரை லிட்டர். அதை உண்டாக்கும் மாணவர் இரண்டு மூன்று வருடத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். பேராசிரியர்கள் அவரவர் ஆய்வுக்கூடத்துக்கு அவரவரே பொருள் வாங்குகிறார்கள். கூடவே அதே வளாகத்தில் ஜெனரேட்டர், டீசல் டேங்க், கொதிகலன், விடுதிச் சமையலறை, வண்டி ஷெட், நீச்சல்குளம் எல்லாம் இருக்கும். சில இடங்களில் மருத்துவமனையும் உண்டு.

எண் சொல்லும் இடங்களில் அமெரிக்க விதிகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கல்லூரி ஆய்வுக்கூடக் கழிவுக்கென்றே 2008 டிசம்பரில் தனி விதி எழுதும் அளவுக்கு இந்த விஷயம் அங்கே அலசப்பட்டிருக்கிறது. உங்கள் நாட்டில் எண் வேறாக இருக்கும். தேடும் முறை மாறாது.

## எதையும் தொடும் முன்: மூடியைச் சுற்றி வெள்ளைப் படிகம்

அலமாரியின் பின்வரிசையில் பழைய ஈதர் பாட்டில், மூடியின் ஓரத்தில் படிகம் கட்டியிருக்கிறது. அல்லது பிக்ரிக் அமிலப் பாட்டில், உள்ளே பொடி காய்ந்து கிடக்கிறது. இங்கே பிழை நீக்கும் வேலையை நிறுத்திவிடுங்கள். திறக்க வேண்டாம், நகர்த்த வேண்டாம், "எவ்வளவு இருக்கிறது பார்ப்போம்" என்று சாய்த்துப் பார்க்கவும் வேண்டாம். அறையைப் பூட்டி, பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லி, வெடிக்கக்கூடிய ரசாயனங்களைக் கையாளப் பயிற்சி பெற்றவர்களை வரவழையுங்கள்.

டைஎத்தில் ஈதர், ஐசோபுரோப்பைல் ஈதர், டெட்ராஹைட்ரோஃபியூரான், டையாக்ஸேன் ஆகியவை காற்றும் வெளிச்சமும் பட்டால் மெல்ல மெல்லப் பெராக்சைடாக மாறும். மூடியைத் திருகும்போது ஏற்படும் உராய்வே அதை வெடிக்க வைக்கப் போதும். பிக்ரிக் அமிலம் ஈரமாக இருக்கும்வரை அடங்கிக் கிடக்கும். நீர் 30 சதவீதத்துக்குக் கீழே போனால் போக்குவரத்து விதிகள் அதை வெடிபொருளாகவே வகைப்படுத்துகின்றன.

ஆபத்து நீங்கிய பிறகுதான் காரணத்தைத் தேட வேண்டும். அநேகமாக அந்தப் பாட்டிலில் வாங்கிய தேதி இருக்கும், திறந்த தேதி இருக்காது. இந்த வகை ரசாயனங்களுக்கு இரண்டு தேதியும் வேண்டும். திறந்து ஆறு மாதத்தில் பெராக்சைடு பரிசோதனை செய்வது அல்லது கழிவாக அனுப்புவது என்று பல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. ஐசோபுரோப்பைல் ஈதருக்கு மூன்று மாதம் என்று இன்னும் இறுக்கமாக வைப்பது நல்லது. பொருள் வந்திறங்கும் இடத்திலேயே இந்த லேபிளை ஒட்டிவிட்டால், ஆய்வுக்கூடத்தில் யாருடைய ஞாபகத்தையும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

## அறிகுறி: கழிவுக் கேன்கள் திறந்தே இருக்கின்றன, லேபிள் அரைகுறையாக இருக்கிறது

உலகம் முழுக்கக் கல்லூரித் தணிக்கைகளில் சலிக்காமல் வரும் குறை இது. பயிற்சி வகுப்பு நடத்துவதுதான் வழக்கமான மருந்து. வகுப்பால் சில வாரங்களுக்குப் பலன் தெரியும். பிறகு பழைய நிலைதான்.

தணிக்கை நேரத்தில் பார்த்தால் எல்லாக் கேனும் மூடியிருக்கும். வேலை நடக்கும் பிற்பகலில் போய், கொஞ்ச நேரம் ஓரமாக நின்று பாருங்கள். ஒரு மாணவர் ஒரு நாளில் எத்தனை முறை அந்தக் கேனில் ஊற்றுகிறார்? இருபது முறை ஊற்ற வேண்டிய கேனுக்குத் திருகுமூடி கொடுத்திருந்தால், அதை இருபது முறை திருகித் திறந்து மூட யாராலும் முடியாது. அவர் புனலைச் செருகி அப்படியே விட்டுவிடுவார். அங்கே தேவைப்படுவது, கேனோடு திருகிப் பொருத்தக்கூடிய, தாழ்ப்பாள் மூடி வைத்த புனல். அது வந்த பிறகு பயிற்சி கொடுத்தால் பயிற்சியும் நிலைத்து நிற்கும்.

அடுத்து எச்.பி.எல்.சி. என்ற திரவப் பகுப்பாய்வுக் கருவி இருக்கும் மேசைக்கு அடியில் குனிந்து பாருங்கள். கருவியிலிருந்து வரும் மெல்லிய குழாய் கேனின் வாய்க்குள் தொங்கும். மூடி இருக்க வேண்டிய இடத்தில் அலுமினியத் தாளைக் கசக்கி அடைத்திருப்பார்கள், அல்லது பாராஃபிலிம் என்ற இழுபடும் மெழுகுத் தாளை இழுத்துச் சுற்றியிருப்பார்கள். மாணவரைக் கேட்டால் "மூடித்தானே இருக்கிறது சார்" என்பார், மனதாரத்தான் சொல்வார். எந்தத் தணிக்கையாளரும் அதை மூடியாக ஏற்கமாட்டார். கேன் சாய்ந்தால் எல்லாம் தரையில்தான். குழாய் அளவுக்குத் துளையிட்ட மூடிகள் கிடைக்கின்றன. கருவி வாங்கும் ஆணையிலேயே அதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள், கருவி வந்த நாளிலேயே மூடியும் வந்துவிடும்.

ஃப்யூம் ஹூடுக்குள், அதாவது ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டுக்குள், கரைப்பானைத் திறந்து வைத்து ஆவியாக விடுவதும் இதே குடும்பம். "ஹூடுக்குள்தானே இருக்கிறது" என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஹூட் மாணவரின் மூக்கைக் காப்பாற்றும், ஆவியைக் கூரைக்கு மேலே கொண்டுபோய் விடும். கழிவை ஆவியாக்கித் தீர்ப்பது சட்டத்தின் பார்வையில் அனுமதியில்லாமல் கழிவை அகற்றுவதுதான்.

லேபிளுக்கு வருவோம். அச்சிட்ட லேபிள் அலுவலக அலமாரியில் பூட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பூட்டியிருந்தால் மாணவர் மார்க்கர் பேனாவால் கேன் மேலேயே எழுதுவார். ஒரு துளி அசிட்டோன் பட்டதும் எழுத்து போய்விடும். லேபிள் சுருள் கேனுக்குப் பக்கத்தில் தொங்க வேண்டும். முதல் சொட்டு விழும் முன்பே லேபிள் ஒட்டியிருக்க வேண்டும். "டி.சி.எம்.", "ஏ.சி.என்." போன்ற சுருக்கங்களை ஏற்காதீர்கள். தீப்பிடித்தால் வரும் தீயணைப்பு வீரருக்கு அந்தச் சுருக்கங்கள் புரியாது. பழைய மெத்தனால் பாட்டிலில் கழிவை ஊற்றிவிட்டு மெத்தனால் லேபிளை அப்படியே விடுவதும் சகஜம். உள்ளே இருப்பது வேறு என்று தெரியாமல் யாராவது எடுத்துப் பயன்படுத்தும் அபாயம் உண்டு.

காலி நைட்ரிக் அமிலப் பாட்டில் கழிவு சேர்க்கப் பயன்படுகிறதா என்று தனியாகத் தேடுங்கள். மிச்சமிருக்கும் அமிலத்தோடு எத்தனாலோ அசிட்டோனோ சேர்ந்தால் வாயு பெருகும். மூடி இறுக்கமாக இருந்தால், எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு ராத்திரியில் பாட்டில் வெடித்துச் சிதறும். இதனால்தான் நைட்ரிக் கழிவுக்குத் தனிக் கேன், வாயு வெளியேறும் மூடி என்று விதி வைக்கிறோம். மூடச் சொல்லும் விதியும் வாயு போக விடச் சொல்லும் விதியும் ஒன்றுக்கொன்று முரண் என்று மாணவருக்குத் தோன்றும். அவருக்குக் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். காரணம் தெரிந்தவர் மறக்கமாட்டார்.

தேதிக் குழப்பம் இன்னொரு வகை. அமெரிக்கக் கூட்டரசு விதியில், கழிவு உண்டாகும் இடத்திலேயே 55 கேலன், அதாவது சுமார் 208 லிட்டர் வரை சேர்க்கலாம். அதுவரை நாள் கணக்கு கிடையாது. அதைத் தாண்டும்போது தேதி போட்டு மூன்று நாளுக்குள் மையக் கிடங்குக்கு மாற்ற வேண்டும். மையக் கிடங்கில்தான், உண்டாகும் கழிவின் அளவைப் பொறுத்து, 90 நாள் அல்லது 180 நாள் கெடு ஓடும். ஆய்வுக்கூடத்தில் முதல் சொட்டு விழுந்த தேதியை லேபிளில் எழுதினால், தணிக்கையாளர் அதையே கெடுவின் தொடக்கம் என்று படிக்க வாய்ப்பு உண்டு. எந்தத் தேதியை எங்கே எழுதுவது என்பதை லேபிளின் அமைப்பே சொல்ல வேண்டும்: "கிடங்குக்கு வந்த தேதி" என்று தனிக் கட்டம் இருந்தால் குழப்பம் வராது.

சரியாகிவிட்டதா என்று பார்க்கப் புது மாணவர்கள் சேர்ந்து சில வாரம் கழித்துப் போங்கள். பழைய மாணவர்கள் இருக்கும்போது ஒழுங்காக இருப்பது அந்த மாணவர்களின் பழக்கம் மட்டும்தான். புதியவர்களின் கையிலும் ஒழுங்காக இருந்தால் அமைப்பு வேலை செய்கிறது.

## அறிகுறி: யாருடையது என்றே தெரியாத ரசாயனங்கள் ஓர் அறை நிறைய

பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். அலமாரி அப்படியே இருக்கிறது. லேபிள்கள் பழுத்து உதிர்ந்துவிட்டன. துறையைக் கேட்டால் "அவர் காலத்துப் பொருள்" என்கிறார்கள். பெயர் தெரியாத பாட்டிலை எந்தக் கழிவு நிறுவனமும் அப்படியே எடுத்துப் போகாது; என்னவென்று சோதித்த பிறகுதான் எடுப்பார்கள், அதற்கு ஆகும் செலவு பல சமயம் பொருளின் விலையை விடப் பல மடங்கு.

சோதிக்க வேண்டிய இடம் பணி விலகல் படிவம். நூலகம், விடுதி, கணக்குப் பிரிவு என்று எல்லோரும் "பாக்கியில்லை" என்று கையெழுத்துப் போடும் நோ டியூஸ் படிவத்தில் ஆய்வுக்கூட ஒப்படைப்புக்கு ஒரு கட்டம் இருக்கிறதா? நூலகப் புத்தகம் ஒன்று பாக்கி என்றால் பட்டச் சான்றிதழை நிறுத்தி வைக்கும் கல்லூரி, அரை அலமாரி சயனைடு உப்பை விட்டுப் போகிறவரை ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்புகிறது. அந்த ஒரு கட்டத்தைச் சேர்ப்பதை விடப் பெரிய பலன் தரும் மாற்றம் கல்லூரித் தணிக்கையில் வேறில்லை என்றே நினைக்கிறேன். ஓய்வு, பணிமாற்றம், ஆய்வுத் திட்டம் முடிவது, அறை மாற்றம், ஆராய்ச்சி மாணவர் வெளியேறுவது: ஐந்துக்கும் அது பொருந்த வேண்டும். உரிமையாளர் இல்லாத எதற்கும் துறைத்தலைவரே பொறுப்பு என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

பிறகு கொள்முதலைப் பாருங்கள். 100 மில்லி தேவைப்படும் இடத்தில் இரண்டரை லிட்டர் வாங்குவார்கள், லிட்டருக்குக் கணக்குப் போட்டால் மலிவு என்பதால். மிச்சத்தை அகற்றும் செலவைப் பல்கலைக்கழகத்தின் மையக் கணக்கு கட்டுகிறது; வாங்கியவர் அதைப் பார்ப்பதே இல்லை. அகற்றும் செலவு துறையின் கணக்குக்குத் தெரியும்படி மாதா மாதம் ஒரு தாள் அனுப்பினாலே, கட்டணம் வசூலிக்காவிட்டாலும், வாங்கும் அளவு குறையத் தொடங்கும். வெளியிலிருந்து இலவசமாக வரும் ரசாயன நன்கொடைகளுக்கும் பாதுகாப்புப் பிரிவின் ஒப்புதல் வேண்டும். வேறொருவர் காசு கொடுத்து அகற்ற வேண்டிய கழிவு நன்கொடை என்ற பெயரில் வந்து சேர்வதும் உண்டு.

## அறிகுறி: சுத்தம் செய்த மாதத்தில் கழிவு அளவு எல்லை மீறிவிட்டது

மேலே சொன்ன அறையைக் காலி செய்தீர்கள். நல்ல வேலை செய்ததற்குத் தண்டனை போல் ஒரு குறை வந்து நிற்கும். அமெரிக்காவில் ஒரு நிறுவனம் உண்டாக்கும் அபாயகரக் கழிவுக்கு மாதம் 100 கிலோ வரை, 100 முதல் 1,000 கிலோ, 1,000 கிலோவும் அதற்கு மேலும் என்று மூன்று படிகள். படி ஏறினால் கெடு குறையும், ஆவணம் கூடும். கடும் நச்சு வகையாகப் பட்டியலிட்ட பொருள்கள் ஒரு மாதத்தில் ஒரு கிலோவைத் தாண்டினாலே உச்சப் படிதான். பயன்படுத்தாத சோடியம் அசைடு அந்தப் பட்டியலில் இருக்கிறது. அரைக் கிலோ பாட்டில் மூன்றைத் தூக்கி எறிந்தால் கணக்கு மாறிவிடும்.

இதற்குப் பயந்து சுத்தம் செய்யாமல் இருப்பதுதான் மோசமான முடிவு. தொடக்கத்தில் சொன்ன 2008 விதியைத் தேர்ந்தெடுத்த கல்லூரிகள், ஓர் ஆய்வுக்கூடத்துக்கு 12 மாதத்தில் ஒரு முறை 30 நாளுக்குள் செய்யும் சுத்திகரிப்பில், பயன்படுத்தாத ரசாயனங்களை மாதக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. 2016-இல் வந்த திருத்தமும், எப்போதாவது வரும் திடீர் அதிகரிப்புக்கு முன்கூட்டி அறிவித்தால் பழைய படியிலேயே இருக்க வழி செய்தது. உங்கள் நாட்டு விதியில் இப்படிப்பட்ட ஏற்பாடு உண்டா என்று கட்டுப்பாட்டு அலுவலகத்தில் முதலில் எழுதிக் கேளுங்கள். இல்லையென்றால் துறைவாரியாக மாதம் பிரித்துச் செய்யுங்கள். ஆபத்தான பொருள்களை மட்டும் அந்த முறை வரும்வரை வைத்திருக்க வேண்டாம்.

## அறிகுறி: கழிவுநீர் மாதிரியில் உலோகமோ அமிலமோ திடீர் திடீரென்று ஏறுகிறது

வளாகத்தின் கடைசி மேன்ஹோலில் எடுத்த மாதிரியை வைத்துக் குற்றவாளியைத் தேட முடியாது. மேலே ஏறிக்கொண்டே போக வேண்டும்: கடைசி மேன்ஹோல், அதற்கு முந்தைய கிளை, பிறகு கட்டடம், பிறகு மாடி. வரைபடத்தை நம்பாதீர்கள், பழைய கட்டடங்களில் குழாய் எங்கே போகிறது என்பது வரைபடத்தில் ஒன்றாகவும் மண்ணுக்கடியில் வேறாகவும் இருக்கும். ஃப்ளோரசீன் சாயத்தைச் சிங்க்கில் ஊற்றி எந்த மேன்ஹோலில் பச்சை தெரிகிறது என்று பார்ப்பது பழைய முறை, இன்றும் அதுதான் நம்பகமானது. சுத்திகரிப்பு நிலையத்துக்கு முன்பே தகவல் சொல்லிவிடுங்கள். ஆய்வுக்கூடச் சிங்க் மழைநீர்க் கால்வாயில் சேர்கிறது என்று தெரிந்தால் அன்றே அந்தச் சிங்க்கை அடைக்க வேண்டும்.

பாதரசம் வந்தால் விசாரணை வேறு மாதிரி. எல்லாத் துறையும் "நாங்கள் பாதரசம் பயன்படுத்தி வருடக்கணக்காகிவிட்டது" என்று சொல்லும், உண்மையாகவும் இருக்கும். என்றோ உடைந்த தெர்மாமீட்டரின் பாதரசம் சிங்க்குக்கு அடியிலுள்ள வளைகுழாயில் தங்கிவிடும். தண்ணீரை விடப் பதின்மூன்று மடங்குக்கு மேல் கனம் என்பதால் அது தண்ணீரோடு போகாது. வளைவில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். யாராவது அடைப்பு எடுத்தாலோ அமிலம் ஊற்றினாலோ அளவு துள்ளும். பழைய வேதியியல், இயற்பியல், பல் மருத்துவக் கட்டடங்களின் வளைகுழாய்களைக் கழற்றி, சகதியை அபாயகரக் கழிவாக எடுத்துவிட்டுப் புதிது மாட்டுவதுதான் தீர்வு. கழற்றும்போது அடியில் தட்டு வைக்க வேண்டும். பிளம்பரிடம் உள்ளே என்ன இருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஒன்றும் தெரியாத ஒரு பிளம்பரை அந்தக் குழாயின் முன் உட்கார வைப்பது அநியாயம்.

சோடியம் அசைடு சேர்த்த கரைசல்களைச் சிங்க்கில் விடுகிறார்களா என்றும் கேளுங்கள். உயிரியல் ஆய்வுக்கூடங்களில் கிருமி வளராமல் இருக்கச் சிறு அளவில் சேர்ப்பார்கள். செம்பு, ஈயக் குழாய்களோடு சேர்ந்தால் அது வெடிக்கும் உப்பாகப் படியும்.

அமில அளவு மட்டும் ஏறி இறங்கினால், முதலில் நடுநிலையாக்கும் தொட்டியின் சுண்ணாம்புக் கல் தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். பல வளாகங்களில் அந்தத் தொட்டி தரைக்கடியில் இருக்கிறது, அதைத் திறந்து பார்ப்பது யாருடைய வேலைப் பட்டியலிலும் இல்லை.

## அறிகுறி: கிடங்குக் கணக்கும் அனுப்பிய சீட்டும் ஒத்துப் போகவில்லை

கிடங்குக் கணக்கிலும் கழிவோடு போகும் சீட்டிலும் லிட்டர் ஒரு பக்கம், கிலோ ஒரு பக்கம் இருக்கும்: அதை ஒன்றாக்கினாலே பாதிக் குறைகள் தீர்ந்துவிடும். மீதி, கழிவை வாங்கிக்கொண்ட நிலையத்தின் கையெழுத்தோடு திரும்பி வர வேண்டிய பிரதி வராமல் இருப்பது. அனுப்பிய அன்றே, திரும்பி வர வேண்டிய தேதியை நாட்காட்டியில் குறித்து இரண்டு பேருக்கு நினைவூட்டல் போகும்படி வைத்தால் போதும். சீட்டில் கையெழுத்திடுபவர் அதற்கான பயிற்சி பெற்றவரா என்பதையும் பாருங்கள். லாரி வந்தபோது யார் இருந்தாரோ அவர் போட்ட கையெழுத்தாக அது இருக்கக் கூடாது.

## அறிகுறி: ஜெனரேட்டர், டீசல் டேங்க் பதிவேடுகளில் ஓட்டை

அவசர ஜெனரேட்டருக்குக் காற்று மாசு விதிகளில் சலுகை கிடைப்பதே அது அவசரத்துக்கு மட்டும் ஓடுகிறது என்பதால். அமெரிக்க விதியில் பரிசோதனைக்கும் பராமரிப்புக்கும் ஆண்டுக்கு 100 மணி நேரம்தான். மின்வெட்டில் ஓடியதையும் சோதனைக்கு ஓடியதையும் ஒரே எண்ணாக எழுதினால் அந்தச் சலுகையை நிரூபிக்க முடியாது. பதிவேட்டில் "எதற்காக ஓடியது" என்ற பத்தி இருக்கிறதா, மீட்டர் எண் முந்தைய வரியிலிருந்து தொடர்கிறதா என்று பாருங்கள். எல்லா வரியும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், வாரம் தவறாமல் "சரி" என்று இருந்தால், அதை எழுதும் எலக்ட்ரீஷியனோடு போய் மீட்டரை நேரில் பாருங்கள். அவரைத் திட்ட வேண்டாம். ஒருவரிடம் இருபது இயந்திரங்களைக் கொடுத்திருப்பார்கள். ஆள் போதாமை என்ற குறையைத்தான் அறிக்கையில் எழுத வேண்டும்.

டேங்கைச் சுற்றியுள்ள தடுப்புத் தொட்டியில் மழைநீர் நிறைந்திருந்தால் டீசல் கொட்டும்போது அதில் இடமிருக்காது. வடிகால் வால்வு திறந்தே இருந்தால் தொட்டி இருந்தும் பயனில்லை. இரண்டையும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். எண்ணெய்க் கணக்கெடுப்பில்தான் பெரிய விடுபடல் நடக்கும்: தரைக்கு மேலே மொத்தம் 1,320 கேலன், சுமார் 5,000 லிட்டருக்கு மேல் எண்ணெய் இருந்தாலே, அது நீர்நிலையில் சேர வாய்ப்புள்ள இடங்களுக்கு, அமெரிக்காவில் கசிவுத் தடுப்புத் திட்டம் வேண்டும். டீசலை மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டு எல்லைக்குள் இருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்பார்கள். டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய், லிஃப்டின் ஹைட்ராலிக் தொட்டி, சமையலறைக்குப் பின்னால் பீப்பாயில் சேரும் பழைய எண்ணெய் ஆகியவையும், 55 கேலனும் அதற்கு மேலும் கொள்ளும் கலன் என்றால், கணக்கில் சேரும்.

## அறிகுறி: அறிவியல் கட்டடம் சுத்தம், குறை எல்லாம் வேறு எங்கோ வருகிறது

வெளித் தணிக்கையாளர் ஓவியத் துறைக்கும் நாடக அரங்குக்கும் முதலில் போவார். அங்கே பாதுகாப்பு அலுவலர் அதிகம் போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். எண்ணெய் வண்ணம் துடைத்த துணிகள், டர்பன்டைன், ஈயமும் காட்மியமும் கலந்த மண்பாண்ட மெருகுப் பொடி, பழைய புகைப்பட இருட்டறையின் வெள்ளி கலந்த கரைசல் எல்லாம் அங்கே இருக்கும். ஆளி விதை எண்ணெய் நனைந்த துணியைக் குவித்துப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். மூடியுள்ள உலோகத் தொட்டி வேண்டும்.

பராமரிப்புப் பிரிவில் ட்யூப்லைட்டுகளைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு, மூலையில் சாய்த்து வைத்தவை உடையும். பி.சி.பி. என்பது மின்கருவிகளில் பயன்பட்ட நச்சு ரசாயனம்; அமெரிக்காவில் அதன் தயாரிப்பு 1979-இல் தடை செய்யப்பட்டது. அதற்கு முந்தைய விளக்குகளின் சோக்கில் அது இருக்கலாம். கட்டடம் புதுப்பிக்கும்போதுதான் அவை வெளியே வரும், ஒப்பந்தக்காரர் சாதாரணக் குப்பையோடு ஏற்றிவிடுவார். எனவே திருத்தம் செய்ய வேண்டிய இடம் ஒப்பந்தப் பத்திரம்: இடிக்கும் முன் ஆஸ்பெஸ்டாஸ், சோக், விளக்கு, குளிரூட்டி வாயு நான்கையும் கணக்கெடுத்துத் தர வேண்டும், அதற்குப் பிறகுதான் வேலை தொடங்கலாம் என்று எழுதுங்கள்.

## அறிகுறி: உள்தணிக்கையில் ஒன்றுமில்லை, வெளியார் வந்தால் பக்கம் பக்கமாகக் குறை

இரண்டு காரணங்களில் ஒன்று. முதலாவது, உள்தணிக்கை தேதி சொல்லி நடக்கிறது, அதே இரண்டு பேர் அதே பட்டியலோடு போகிறார்கள். வேதியியல் துறைக்காரர் உயிரியலையும், பராமரிப்புப் பிரிவினர் வேதியியலையும் பார்க்கும்படி மாற்றுங்கள். பட்டியலை ஓரம் வைத்துவிட்டு, அங்கே வேலை செய்துகொண்டிருக்கும் மாணவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்தக் கேன் நிறைந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்? இது கொட்டினால் என்ன செய்வீர்கள்? போன வாரம் சிங்க்கில் என்ன ஊற்றினீர்கள்? மிரட்டும் தொனி துளியும் இல்லாமல் கேட்டால் அந்தப் பதில்கள் எந்தப் பதிவேட்டையும் விட அதிகம் சொல்லும்.

இரண்டாவது, குறையை "முடித்தது" என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்பது. "மின்னஞ்சல் அனுப்பப்பட்டது", "அறிவுறுத்தப்பட்டது" என்ற வாக்கியங்கள் முடிவுப் பத்தியில் இருந்தால் அந்தக் குறை உயிரோடுதான் இருக்கிறது. ஒருவர் நேரில் போய்ப் பார்த்து, தேதி போட்டு, அதே வகைக் குறை மற்ற அறைகளில் இருக்கிறதா என்றும் பார்த்த பிறகே முடிக்க வேண்டும்.

## அறிகுறி: "இதையெல்லாம் எழுத்தில் வைக்காதீர்கள்" என்கிறது நிர்வாகம்

இதுதான் மற்ற எல்லா அறிகுறிகளுக்கும் அடியில் இருப்பது, சரிசெய்யக் கடினமானதும் இதுதான். பயம் நியாயமானது, எழுதி வைத்த குறை நாளை சாட்சியாகும் என்று நினைக்கிறார்கள். அவர்களிடம் வாதாடுவதை விட, தாமே கண்டுபிடித்துச் சொல்பவரைச் சட்டம் எப்படி நடத்துகிறது என்று காட்டுவது பலன் தரும்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1995-இல் ஒரு தணிக்கைக் கொள்கையை வெளியிட்டு 2000 ஏப்ரலில் திருத்தியது. தன் குறையைத் தானே முறையான தணிக்கையில் கண்டுபிடித்து, 21 நாளுக்குள் தெரிவித்து, பொதுவாக 60 நாளுக்குள் சரிசெய்து, மற்ற நிபந்தனைகளையும் நிறைவு செய்யும் நிறுவனத்துக்குக் குற்றத்தின் தீவிரத்துக்கான அபராதம் முழுவதும் தள்ளுபடி. மொத்தம் ஒன்பது நிபந்தனைகள். முறையான தணிக்கையில் கண்டுபிடிக்கவில்லை என்ற ஒன்று மட்டும் குறைந்தால் 75 சதவீதம் தள்ளுபடி. விதியை மீறியதால் கிடைத்த பண ஆதாயத்தை மட்டும் முகமை வசூலிக்கலாம். அதே இடத்தில் அதே மீறல் மூன்று ஆண்டுக்குள் மறுபடி நடந்தால் சலுகை கிடையாது. மீள்குறைகளை இவ்வளவு வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் நாட்டில் இப்படி எழுதிய கொள்கை இருக்கிறதா என்று சட்ட ஆலோசகரைக் கேளுங்கள். இருந்தால், 21 நாள் போன்ற கெடு எப்போது தொடங்குகிறது என்பதைத்தான் நிர்வாகத்துக்கு முதலில் விளக்க வேண்டும். அமெரிக்கக் கொள்கையில், மீறல் நடந்திருக்கலாம் என்று நம்ப நியாயமான காரணம் எந்த ஓர் ஊழியருக்குக் கிடைத்தாலும் அன்றே கெடு தொடங்கிவிடும். கோப்பு முதல்வர் மேசைக்குப் போகும்வரை அது காத்திருக்காது. எனவே ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் "சார், அந்தத் தொட்டி கசியுது" என்று சொன்னால், சொன்னவர் பெயர், தேதி, நேரம் மூன்றையும் அவர் எதிரிலேயே பதிவேட்டில் எழுதி, அதே மாலை பாதுகாப்பு அலுவலருக்கும் சட்டப் பிரிவுக்கும் பிரதி அனுப்புங்கள். சொன்னதற்காக அவருக்கு எந்தத் தொந்தரவும் வராது என்பதை முதல்வரே கையெழுத்திட்ட சுற்றறிக்கையாக எல்லா ஆய்வுக்கூடச் சுவரிலும் ஒட்டுங்கள், கழிவு லேபிள் சுருள் தொங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே.